ஒரே தம்பி, மூன்று நோய்ப் பெயர்கள்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. மூன்று வருடங்களுக்கு முன் தூக்கமே இல்லாமல் ஓயாமல் பேசினான், பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தான். பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் வரும் நோய்) என்றார்கள். பிறகு, ஆளில்லாதபோதும் யாரோ தன்னைத் திட்டுவது காதில் கேட்கிறது என்றான். வேறொரு மருத்துவர் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றார். இப்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஸ்கிசோஅஃபெக்டிவ்’ என்று இருக்கிறது. எதை நம்புவது? நோய் முற்றிவிட்டதா?

பதில்: பெயர் மாறியதாலேயே நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இந்த நோய்களுக்குப் பெயர் சொல்லாது. தைராய்டு, வலிப்பு, ஸ்டீராய்டு மாத்திரை, கஞ்சா என வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பரிசோதனைகள் உதவும். எந்த அறிகுறி எப்போது வந்தது, எத்தனை நாள் நின்றது என்பதை வைத்தே பெயர் முடிவாகிறது. முதல் மருத்துவர் கண்டது மனநிலையின் ஏற்றத்தை. இரண்டாமவர் கண்டது குரல்களை. முழுக்கதை அப்போது இருவர் கையிலும் இருந்திருக்காது.

பைபோலாரிலும் குரல் கேட்கலாம். ஆனால் மனநிலை ஏறி இறங்கும் காலத்தில் மட்டும் வரும், அது சரியானதும் போய்விடும். மனநிலை சீராக இருக்கும்போதும் குறைந்தது 2 வாரம் குரலோ காரணமில்லாத சந்தேகமோ நீடித்து, நோய்க்காலத்தின் பெரும்பகுதியில் மனநிலைக் கோளாறும் இருந்தால் அதுதான் ஸ்கிசோஅஃபெக்டிவ். மனநிலைக் கோளாறு கொஞ்ச காலமே வந்துபோய், குரலும் சந்தேகமுமே பிரதானமாக இருந்தால் மனச்சிதைவு.

ஆக, உங்கள் தம்பி நன்றாகத் தூங்கி, இயல்பாகப் பேசிக்கொண்டிருந்த நாட்களிலும் குரல் கேட்டதா? இதற்கான பதில் வீட்டில் இருப்பவர்களிடம்தான் கிடைக்கும். அம்மா, நீங்கள், முக்கியமாகத் தம்பி, எல்லாரும் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து மாதவாரியாக எழுதுங்கள்: தூக்கம், செலவு, அழுகை, குரல், நிறுத்திய மாத்திரைகள். விசாரணை போல அவரைக் கேட்காதீர்கள். அந்த நோட்டை அடுத்த ரிவ்யூவுக்குக் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

பெயர்களில் இருக்கும் அளவுக்குச் சிகிச்சையில் வித்தியாசம் இல்லை. குரலைக் குறைக்கும் மருந்து மூன்றிலுமே பயன்படுகிறது. மனநிலை ஏறி இறங்கினால் லித்தியம் போன்றதும் சேரும். லித்தியம் எடுத்தால் ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டையும் தவறாமல் பார்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் வயிற்றுப்போக்கும் லித்தியம் அளவை ஏற்றிவிடும், கவனம். அப்புறம், சோர்ந்து கிடக்கிறாரே என்று வேறெங்காவது மனச்சோர்வு மாத்திரை மட்டும் தனியாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பழையபடி ஓயாத பேச்சும் தூக்கமின்மையும் திரும்பலாம். நன்றாக இருக்கிறாரே என்று மருந்தைச் சட்டென நிறுத்தவும் கூடாது.

‘செத்துப்போ’ என்று குரல் சொல்வதாகச் சொன்னாலோ, சாவதைப் பற்றிப் பேசினாலோ தனியாக விடாதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இரவு எந்நேரமானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.