லேசரும் கணினியும் இருந்தால் எந்தப் பொருளையும் கண்டுபிடித்துவிடலாமா?

உங்கள் கேள்வி: "கிருஷ்ணகிரி பக்கத்தில் கிணறு தூர் வாரியபோது வெள்ளைக் கல் ஒன்று கிடைத்தது. ராமன் கருவியில் வைத்தால் எந்தப் பொருள் என்றாலும் கணினி பெயர் சொல்லிவிடும் என்கிறார்கள். உண்மையா?"

உங்கள் கல்லைச் சொல்லிவிடும். ஆனால் "எந்தப் பொருள் என்றாலும்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓசூரில் ஒரு மருந்து கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். மூலப்பொருள் டிரம் ஒவ்வொன்றையும் ராமன் கருவியில் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவோம்.

கருவி பொருளின் மேல் லேசர் ஒளியை அடிக்கும். சிதறுகிற ஒளி அநேகமாக முழுவதும் போன நிறத்திலேயே திரும்பி வரும். ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குதான் நிறம் மாறி வரும். மூலக்கூறுக்குள் அணுக்களின் பிணைப்புகள் அதிர்வதற்குத் தன் ஆற்றலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்த ஒளி அது. 1928 பிப்ரவரியில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் இதைக் கண்டபோது லேசரே கிடையாது. சூரிய வெளிச்சத்தையும் பாதரச விளக்கையும் வைத்துக்கொண்டு அந்த ஒரு பங்கைப் பிடித்திருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது பிரமிப்புதான்.

பொருளுக்குப் பொருள் அதிர்வு வேறு என்பதால், நிறம் எவ்வளவு மாறியது என்று கருவி போடும் வரைபடத்தில் பீக் (கூர்மையான மேடு) எழும் இடமும் வேறு. வெங்கச்சங்கல்லுக்கு (குவார்ட்ஸ்) 464இல் பெரிய பீக் வரும், சுண்ணாம்புக்கல்லுக்கு 1086இல் வரும் (ஒரு செ.மீ.க்கு இத்தனை அலை என்ற கணக்கு). கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தாலும் வரைபடத்தில் குழப்பமே இல்லை.

கணினியின் வேலை அப்புறம்தான். லேசர் பட்டதும் பொருளே ஒளிர ஆரம்பித்தால் பீக்குகள் அந்த வெளிச்சத்தில் மூழ்கிவிடும். முதலில் அதைக் கழிக்கும். பிறகு லைப்ரரியில், அதாவது தெரிந்த பொருட்களின் தொகுப்பில், உள்ள ஆயிரக்கணக்கான வரைபடங்களோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு பொருந்துகிறது என்று ஸ்கோர் போடும். கலவையாக இருந்தால் திணறும். அதற்காக இப்போது நியூரல் நெட்வொர்க்குகளையும் (உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் நிரல்கள்) பழக்குகிறார்கள்.

ஆனால் லைப்ரரியில் இல்லாத பொருளைக் கொடுத்தால், இருப்பதில் எது கிட்டே வருகிறதோ அதன் பெயரைத்தான் முதலில் காட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லேபிள் கிழிந்த ஒரு வெள்ளைப் பொடியைத் தடிமனான உறையோடு வைத்துப் பார்த்தேன். நல்ல ஸ்கோரில் "பாலிஎத்திலீன்" என்று வந்தது. கருவி பார்த்தது பிளாஸ்டிக் உறையை. வரைபடத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் எழுதிக்கொண்டது என் தவறு. அன்றிலிருந்து பீக்குகளை என் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. அக்காவுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. அம்மா ஒரு தடவை பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, "உங்க லேப்ல இதையும் பாத்துட்டு வா கண்ணு" என்றார். லட்சக்கணக்கில் விலை உள்ள கருவி அது. ஆனாலும் அந்தக் கருவியை வைத்து அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடைப் பார்க்க முடியாது என்று அம்மாவிடம் சொல்ல நேர்ந்தது. தண்ணீரில் கரைந்த ஃப்ளோரைடு தனி அயனி, அதாவது மின்னூட்டம் உள்ள ஒற்றை அணு. பிணைப்பு இருந்தால்தானே அதிர? சமையல் உப்பும் இப்படித்தான் ஏமாற்றும், சொல்லும்படி ஒரு பீக்கும் தராது. அதே ஃப்ளோரைடு கால்சியத்தோடு சேர்ந்து ஃப்ளோரைட் என்ற கல்லாக இருந்தால் 322இல் தெளிவாகத் தெரியும். கல்லில் தெரிவது தண்ணீரில் தெரியாது. கடைசியில் தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் ஃப்ளோரைடு மின்முனை வைத்துத்தான் அளந்தார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. எங்களுடையது அதையும் தாண்டியிருந்தது. இப்போது குடிக்க ஒகேனக்கல் தண்ணீர்தான்.

சரி, உங்கள் கல். முதலில் அதன் முனையால் ஒரு பழைய கண்ணாடித் துண்டைக் கீறிப் பாருங்கள். கீறினால் அநேகமாக வெங்கச்சங்கல். கீறாவிட்டால் கொஞ்சம் பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல்லாக இருக்கலாம். அப்போதும் சந்தேகம் இருந்தால் ராமன் கருவி உள்ள கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்றால், அதில் ஒரு பாட்டில் பிடித்து ஃப்ளோரைடு பரிசோதனைக்கு இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.