டி.வி.டி. ஓடுகிறது, ஸ்கேன் சி.டி. ஓடவில்லை: ட்ரைவ் போய்விட்டதா?

கேள்வி: அப்பாவுக்கு முதுகுத்தண்டில் எம்.ஆர்.ஐ. எடுத்த சி.டி.யைப் போட்டால், ‘டிஸ்க்கைப் போடவும்’ என்றே திரும்பத் திரும்ப வருகிறது. லேப்டாப்பில் ட்ரைவ் கிடையாது; தறிக்குடோன் ஆபீஸில் இருக்கும் யு.எஸ்.பி. ட்ரைவில்தான் போடுகிறேன். அதே ட்ரைவில் எங்கள் கல்யாண டி.வி.டி. நன்றாக ஓடுகிறது. கடையில் கேட்டால், ‘சி.டி. கரப்ட் ஆயிருச்சுங்க, ரெக்கவரி பண்ண நாலாயிரம் ஆகும்’ என்கிறார்கள். கொடுக்கலாமா? (சோமனூர் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது நகல்தான். அசல் படங்கள் ஸ்கேன் எடுத்த இடத்துக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். ரசீதைக் காட்டி இன்னொரு சி.டி. கேளுங்கள், பென் ட்ரைவில் தந்தால் இன்னும் நல்லது. இருக்கிற படத்தை ‘மீட்டுத் தருகிறேன்’ என்று அட்வான்ஸ் வாங்குகிறவர்கள் காந்திபுரத்திலும் உண்டு, திருப்பூரிலும் உண்டு. வாடிக்கையாளரை ஸ்கேன் சென்டருக்கே அனுப்பி நகல் வாங்கி வரச்சொல்லி, அதையே ரெக்கவரி என்று பில் போட்டதையும் பார்த்திருக்கிறேன்.

இனி ட்ரைவுக்கு வருவோம். டி.வி.டி. ஓடுவதால் ட்ரைவ் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இரண்டு லேசர்கள் வேலை செய்கின்றன. டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி, சி.டி.க்குக் கண்ணுக்குத் தெரியாத 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. ஒரு கண் மங்கினாலும் இன்னொரு கண் பார்க்கிற மாதிரி, ஒன்று போனாலும் மற்றது ஓடும். அதனால் சி.டி.யை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். கடையில் எழுதி வாங்கிய பழைய பாட்டு சி.டி. ஏதாவது இருந்தால் போடுங்கள். கம்பெனி அச்சடித்த சி.டி. வேண்டாம், அதை மங்கிய லேசர்கூடச் சமயத்தில் படித்துவிடும். பாட்டு சி.டி. ஓடினால் கோளாறு ஸ்கேன் சி.டி.யில். ஓடாவிட்டால் ட்ரைவைப் பார்க்கலாம்.

தறிக்குடோன் என்கிறீர்களே, எனக்கு முதல் சந்தேகம் பஞ்சுத் தூசி மேல்தான். உங்களுடையதைப் போன்ற ஒல்லியான ட்ரைவில் தட்டை வெளியே இழுத்தால் சிறிய கண்ணாடி மணி போல லென்ஸ் தெரியும். ஒயரைக் கழற்றிவிட்டு, காது குடையும் பட்ஸில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துளி மட்டும் நனைத்து, அழுத்தாமல் ஒரு சுற்றுத் துடையுங்கள். காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். வாயால் ஊதாதீர்கள். தறிக்கு ஏர் அடிக்கிற கம்ப்ரசரை மட்டும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்! அந்த லென்ஸ் முடி போன்ற மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. ஒரே அடியில் பிய்ந்துவிடும்.

இன்னொன்றையும் பார்த்தே ஆகவேண்டும்: கரண்ட். டிஸ்க்கைச் சுற்றத் தொடங்கும்போது இந்த ட்ரைவுகள் அதிகம் இழுக்கும். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை தருவதோ 500 மில்லி ஆம்பியர். அது போதாதபோது டிஸ்க் சுற்றும், ‘டிக்’ என்று நிற்கும், மறுபடி சுற்றும். உங்கள் ட்ரைவ் ஒயரில் இரண்டு முனை இருந்தால் இரண்டையும் செருகுங்கள். ஒற்றை முனைதான் என்றால் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். நடுவில் ஹப் வேண்டாம், நீட்டிப்பு ஒயரும் வேண்டாம். லேப்டாப் சார்ஜரிலேயே இருக்கட்டும். கல்யாண டி.வி.டி. ஓடியதே என்று இதை விட்டுவிடாதீர்கள். படிக்கச் சிரமமான டிஸ்க்கில் மோட்டார் வேகத்தை மாற்றி மாற்றி முயலும், அங்கேதான் கரண்ட் பற்றாமல் போகும்.

சி.டி.யையும் ஒருமுறை பாருங்கள். அடிப்பக்கம் அழுக்கிருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். மேல்பக்கம்தான் உண்மையில் ஆபத்தான பக்கம். தகவல் அந்த லேபிளுக்கு ஒட்டிக் கீழேயே இருக்கிறது. சென்டரில் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி நோயாளி பெயரை எழுதித் தருகிறார்கள்! வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எழுத்து இருக்கும் இடத்தில் ஊசித்துளை போல ஒளி வருகிறதா? வந்தால் துடைத்துப் பயனில்லை, புது நகல்தான். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடத்தில் ஒரு மார்க்கர் பேனா வாங்க மாட்டார்களாம். இத்தனைக்கும் இன்று கடையில் விற்கும் பெரும்பாலான லேப்டாப்பில் சி.டி. போட இடமே இல்லை. அது தெரிந்தும் சி.டி.தான் தருவோம் என்று அடம்பிடிக்கிறார்கள்.

டிஸ்க் திறந்து, உள்ளே பெயர் புரியாத கோப்புகளாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். அவை டைகாம் படங்கள், அதாவது மருத்துவ ஸ்கேன் படங்களுக்கென்றே உள்ள கோப்பு வகை. மைக்ரோடைகாம் போன்ற இலவச மென்பொருளில் திறக்கும். முழு சி.டி.யையும், ஒரு ஃபோல்டர்கூட விடாமல், பென் ட்ரைவில் நகலெடுங்கள். டாக்டரிடம் போகும்போது இரண்டையும் எடுத்துப் போங்கள். ஃபிலிமைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால், அது போதாது என்று சொல்லிவிடுங்கள்.