க்ரானிக் என்றால் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

வணக்கம் ஐயா,

அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரையும் பிரஷரும் பல வருடமாக உண்டு. போன வருடப் பரிசோதனையிலேயே கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, இந்த முறையும் அப்படித்தான். இ.ஜி.எஃப்.ஆர். 52 என்று வந்திருக்கிறது. டாக்டர் சீட்டில் ‘க்ரானிக் கிட்னி டிசீஸ், ஸ்டேஜ் 3ஏ’ என்று எழுதி, உப்பைக் குறைக்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். வீட்டில் சித்தப்பா சீட்டைப் பார்த்துவிட்டு, “க்ரானிக்னா முத்திப்போச்சுன்னு அர்த்தம், அதான் ஒண்ணும் சொல்லாம அனுப்பிட்டாரு” என்றார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பா யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. க்ரானிக் என்றால் உண்மையில் என்ன? அக்யூட்டைவிட அது மோசமா?

பெயர் வேண்டாம்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இந்தப் பதிலை முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். க்ரானிக் என்ற சொல் ஒரு நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு கடுமையானது என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. காலத்தைக் குறிக்கும் ‘க்ரோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லில் பிறந்தது அது. நாள்பட்ட நோய் என்று நாம் சொல்வது அதற்குச் சரியாகவே பொருந்துகிறது. மூக்கடைப்பும் தும்மலுமாக வருடக்கணக்கில் இருக்கும் அலர்ஜியும் க்ரானிக்தான்.

சித்தப்பாவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் பேச்சுவழக்கு ஆங்கிலத்திலேயே ‘படுமோசம்’ என்ற அர்த்தத்தில் க்ரானிக் என்று சொல்பவர்கள் உண்டு.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, பாதிப்பு 3 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் க்ரானிக் என்று எழுதுவார்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கால அளவு. போன வருடமும் இந்த வருடமும் ஒரே மாதிரி இருந்ததால் டாக்டர் எழுதியிருக்கிறார். எவ்வளவு பாதிப்பு என்பதைச் சொல்வது அடுத்து வரும் ‘ஸ்டேஜ் 3ஏ’. சீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான். இ.ஜி.எஃப்.ஆர். என்பது சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்ற கணக்கு. ஆரோக்கியமான இளைஞருக்கு 100-ஐ ஒட்டி இருக்கும். வயதாக ஆக அது தானாகவே குறையும். 45 முதல் 59 வரை 3ஏ, 30 முதல் 44 வரை 3பி. 15-க்குக் கீழே போனால்தான் ஐந்தாம் நிலை. டயாலிசிஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதை நெருங்கும்போதுதான் வரும். மூன்றாம் நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் வரை போவதே இல்லை.

அதற்காக அலட்சியமாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடும். சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் சிறுநீரகத்துக்கும் நல்லது, இதயத்துக்கும் நல்லது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்று பார்த்தார்களா என்று அடுத்த முறை கேளுங்கள். இ.ஜி.எஃப்.ஆர். அளவுக்கு அதுவும் முக்கியம். இன்னொன்று, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னதைக் கைவிட்டதாக நினைக்காதீர்கள். நாள்பட்ட நோய்க்கு வைத்தியம் நடப்பதே அப்படித்தான். மெதுவாக நகரும் நோயை அவ்வப்போது அளந்து பார்த்து மருந்தை மாற்றிக்கொண்டே போவார்கள்.

எத்தனை நாள் ஆனால் க்ரானிக் என்பது நோய்க்கு நோய் மாறும். ஹெபடைடிஸ் பி கிருமி 6 மாதத்துக்கு மேல் ரத்தத்தில் தங்கினால் க்ரானிக். தொடர்ந்து 2 வருடம், வருடத்துக்கு 3 மாதமாவது சளியோடு இருமல் இருந்தால் க்ரானிக் பிராங்கைட்டிஸ். மைக்ரேனில் கணக்கே வேறு: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதுவும் 3 மாதத்துக்கு மேல். மூளை ஸ்கேனில் ‘க்ரானிக் இன்ஃபார்க்ட்’ என்று வந்தால், எப்போதோ அடைப்பு ஏற்பட்டுப் போன இடத்தின் பழைய தழும்பு என்று பொருள். அதைப் படித்துவிட்டு இப்போதுதான் ஸ்ட்ரோக் வந்திருக்கிறது என்று பதறுபவர்கள் நிறைய. ஏன் வந்தது, மறுபடி வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயம் அது.

அக்யூட் இதற்கு நேரெதிர். திடீரென்று ஆரம்பிப்பது, வேகமாக மாறுவது. அதைத் ‘தீவிரமான’ என்று மொழிபெயர்த்து மொழிபெயர்த்தே குழப்பம் கூடிவிட்டது என்பது என் எண்ணம். சாதாரண ஜலதோஷமும் அக்யூட்தான், மாரடைப்பும் அக்யூட்தான். எது மோசம் என்று கேட்டீர்களே, அதற்கு ரத்தப் புற்றுநோயைப் பாருங்கள். அக்யூட் லுக்கீமியா என்றால் நாள் கடத்தாமல் சிகிச்சையில் இறங்கியாக வேண்டும். ஆனால் குழந்தைகளுக்கு வரும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் வகையில், நல்ல சிகிச்சை கிடைத்தால் மிகப் பெரும்பாலோர் முழுக்கக் குணமாகிவிடுகிறார்கள். க்ரானிக் லிம்ஃபோசைடிக் வகையிலோ, சிலருக்கு மருந்தே தராமல் பல வருடம் கண்காணித்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள். க்ரானிக் மைலாய்டு வகை ஒரு காலத்தில் சில வருடங்களில் உயிரைப் பறித்தது. 2001-ல் இமாட்டினிப் மாத்திரை வந்த பிறகு, அதைச் சாப்பிட்டுக்கொண்டு ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே ஆயுளோடு வாழ்பவர்கள் பலர். அந்த ஒற்றைச் சொல்லை வைத்து யாரும் ஆயுளைக் கணக்குப் போட முடியாது.

சிறுநீரகத்துக்கே அக்யூட் பாதிப்பும் உண்டு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், 48 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலே அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பில் நீர் வற்றும்போது வரும். நேரத்தோடு கவனித்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். உங்கள் வீட்டில் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஏற்கெனவே நாள்பட்ட பாதிப்பு இருப்பவருக்கு அதன் மேல் இது வந்து சேர்ந்தால், ‘அக்யூட் ஆன் க்ரானிக்’ என்று எழுதுவார்கள். அப்பாவுக்கு வயிற்றுப்போக்கோ நிற்காத வாந்தியோ வந்தால் மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் பேசி, வழக்கமான மாத்திரைகளில் எதையாவது நிறுத்திவைக்க வேண்டுமா என்று கேளுங்கள். மூட்டுவலி, முதுகுவலி என்று மருந்துக்கடையில் தானாகவே ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் அவருக்கு இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்; அந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை.

அப்புறம், பழைய ரிப்போர்ட்களைத் தேடி எடுத்து, தேதியையும் இ.ஜி.எஃப்.ஆர். அளவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வையுங்கள். ஐந்தாறு வருடமாக 56, 54, 53 என்று மெல்ல இறங்கி வந்த 52-க்கும், போன வருடம் 59-ல் இருந்து சரசரவென்று விழுந்த 52-க்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இவற்றில் எது உங்கள் அப்பாவுடையது என்று அந்தத் தாளை நீட்டி டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே கேளுங்கள்.