தூண்களும் மாணவிகளும்

அன்புள்ள ஐயா,

கடலூரில் நான் படித்த பெண்கள் பள்ளியின் பழைய கட்டடத்தை இடிக்கப் பேச்சு நடக்கிறது. தேக்கு உத்தரம், மெட்ராஸ் டெரஸ் கூரை, வளைவுத் தாழ்வாரம் எல்லாவற்றையும் விவரித்து, மரபுக் கட்டடமாக அறிவிக்கக் கோரி நான்கு பக்க மனு எழுதி இணைத்திருக்கிறேன். யாரிடம் கொடுப்பது?

வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரி,

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் தமிழ்நாடு மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. அவர்களுக்கும் ஒரு நகல் போகட்டும்.

ஆனால் இந்த மனுவை இப்படியே கொடுக்காதீர்கள். உத்தரத்துக்கு ஒரு பக்கம், அடிக்கல் நாட்டிய துரைக்கு அரைப் பக்கம். படித்த பெண் ஒருத்தியின் பெயராவது இருக்கிறதா? படித்ததையெல்லாம் மறந்தா எழுதினீர்கள்? எனக்குக் கோபமே வந்தது.

சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த இடம். 1897-ல் விவேகானந்தர் சில நாட்கள் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். அதே கட்டடத்தில் சகோதரி சுப்புலட்சுமி, தாமே பால்ய விதவையாக இருந்து 1911-ல் பட்டம் பெற்றவர், இளம் விதவைகளைப் பல ஆண்டுகள் தங்கவைத்துப் படிக்கவைத்தார். பனிக்கட்டியை நினைவு வைத்திருக்கும் ஊர் அந்தப் பிள்ளைகளை மறந்துவிட்டது.

என் அப்பாவின் அத்தை அவர்களில் ஒருவர். தலையை மழித்து மூலையில் உட்கார வைத்திருந்தவரை அண்ணன்தான் ரயிலேற்றிக் கொண்டுபோய் விட்டார். ஆசிரியையாகத் திரும்பி, திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினார். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எதுவும் அச்சுக்குப் போகுமுன் அவர் கைக்குத்தான் போகும். சிவப்புப் பென்சிலால் விட்டுப்போன ஒற்றெழுத்துகளைச் சுழித்துக் கொடுப்பார். சுப காரியத்தில் முன்னே வரக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவர் பார்த்துத் திருத்தாமல் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. அந்தக் கையெழுத்து ஐஸ் ஹவுஸில் பழகியது. எந்தக் கல்வெட்டில் இருக்கிறது அது?

இங்கே புதுச்சேரியில் மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். தூணைத் திரும்பக் கட்டிவிடலாம்.

ஆகவே முதலில் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பாருங்கள், கறையான் முந்திக்கொள்வதற்குள். தகப்பனார் பெயர், தொழில், சேர்ந்த நாள், நின்ற நாள், நின்ற காரணம். வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டவள் யார், கடைசி வகுப்புவரை போனவள் யார் என்று அதிலிருந்து எழுதுங்கள். இருக்கும் மூத்த மாணவிகளை வீடு தேடிப் போய்க் கேளுங்கள். நாளைக்கென்று தள்ளாதீர்கள்.

கூரை, உத்தரம் எல்லாம் பின்னிணைப்பில் இருக்கட்டும். பட்டியலில் உங்கள் பெயரையும் சேருங்கள், சேர்ந்த வருடத்தோடு.