பட்டறைக் கேள்விகள்: உலைப்புகை

(ஐ.டி.ஐ.யில் பவுண்டரி பிரிவு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

என் மகன் பித்தளை விளக்குப் பட்டறையில் வார்ப்பு வேலை பார்க்கிறான். திங்கட்கிழமை வேலைக்குப் போய் வந்தால் ராத்திரி குளிர் தூக்கிப் போடுகிறது, உடம்பு அனலாகக் கொதிக்கிறது. செவ்வாய் சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்காருகிறான். மலேரியா, டெங்கு இரண்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. எதுவும் இல்லை. கண் திருஷ்டி என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்.
- வாசகி, நாச்சியார்கோவில்

அம்மா, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தக் காய்ச்சல் உலையிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். நாளையே மருத்துவரிடம் போய், "பையன் பித்தளை உருக்குகிற இடத்தில் வேலை செய்கிறான்" என்று சொல்லுங்கள். வேலை என்னவென்று சொல்லாமல் காய்ச்சலை மட்டும் சொன்னால் எந்த மருத்துவருக்கும் இது பிடிபடாது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பித்தளை உருகுவது ஏறக்குறைய 900 முதல் 950 டிகிரிக்குள். செம்பு பிடித்து வைத்திருப்பதால் துத்தநாகம் ஒரேயடியாகப் போய்விடாது. ஆனால் சூடு ஏற ஏறப் பிடி தளரும். உலோகம் உருக்குகிற பாத்திரமான மூசையின் வாயில் பச்சை கலந்த வெள்ளைச் சுடர் அடித்து, பஞ்சு மாதிரி வெள்ளைத் தூள் பறக்கிறதே, அது ஆவியாகி வெளியே வந்த துத்தநாகம் காற்றில் எரிந்த சாம்பல். அந்தத் துகள் மிக மிகச் சிறியது. மூச்சில் போனால் நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய்ச் சேரும். நாலு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள் குளிர், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் ஒரு இனிப்பான உலோக ருசி எல்லாம் வரும். ஒன்று இரண்டு நாளில் தானாகப் போய்விடும்.

திங்கட்கிழமை மட்டும் ஏன்? தினமும் புகை பட்டால் உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்ளும். ஞாயிறு லீவில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து. ஆகவே புதன், வியாழனில் காய்ச்சல் வரவில்லை என்பதால் அன்றைக்குப் புகை போகவில்லை என்று அர்த்தம் இல்லை. அதே அளவு போய்க்கொண்டுதான் இருக்கிறது. இதை உங்கள் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். "பழகிடுச்சு" என்கிற வார்த்தையை எத்தனையோ பையன்களிடம் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்கும். பழைய குழாய், வால்வு என்று கலந்து வருகிற பித்தளையில் ஈயமும் இருக்கும். ஈயத்துக்கு உடம்பு பழகாது, அது சேர்ந்துகொண்டே போகும்.

இனி பட்டறை முதலாளியிடம் பேச வேண்டிய விஷயம். அவரிடம் உடல்நலத்தை மட்டும் சொல்லாதீர்கள், காசையும் சொல்லுங்கள். வெள்ளைப் புகையாகப் போவது அவர் விலை கொடுத்து வாங்கிய துத்தநாகம். அது போகப் போக விளக்கின் நிறமும் சிவப்புப் பக்கம் சாயும். உருகின பிறகும் உலையை ஊதிக்கொண்டே இருப்பதுதான் பெரிய நஷ்டம். மேஸ்திரி கண்ணால் சூடு பார்ப்பதில் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், சூட்டை அளந்து காட்டுகிற தெர்மோகப்பிள் ஒன்று வாங்கி வைத்தால் அவருக்கும் துணை. உலோகத்தின் மேல் நன்றாகக் காய்ந்த கரித்துண்டோ, வெங்காரமோ, உடைந்த கண்ணாடியோ ஒரு போர்வையாகக் கிடந்தால் புகை கண்ணுக்குத் தெரியக் குறையும். மூசைக்கு ஒரு மூடி வேண்டும். செம்பும் துத்தநாகமும் தனித்தனியாகக் கலக்கிற பட்டறை என்றால் துத்தநாகம் கடைசியில்தான் போக வேண்டும். அதையும் சூடுகாட்டி ஈரம் போக்கி, இடுக்கியால் பிடித்து உள்ளே முக்க வேண்டும். மேலே தூக்கிப் போட்டால் முகத்துக்கு நேரே எரியும்.

மகனுக்கு நடக்க மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ பட்டறைக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வேலை முடிந்ததும் பால் குடித்தால், வெல்லம் சாப்பிட்டால் புகை வெளியே வந்துவிடுமா?
- வாசகர், திருப்புவனம்

வராது. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலில் இருக்கிறது. பாலும் வெல்லமும் சத்து, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதைக் கொடுத்துவிட்டு எக்ஸாஸ்ட் போடாமல் இருக்கிற முதலாளியை விடாதீர்கள். இன்னொன்று, கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். பட்டறைக்குள் டீ குடிப்பதும் பீடி பிடிப்பதும் கையில் இருக்கிற ஈயத்தூளை நேராக உள்ளே அனுப்புகிற வழி.

கோவையில் சின்னதாக ஒரு அலுமினிய வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறேன். நாலு பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு பெடஸ்டல் ஃபேன் ஓடுகிறது. எல்லாருக்கும் என்95 மாஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதுமா?
- வாசகர், கணபதி

தம்பி, வாங்கிக் கொடுக்க நினைத்ததே பெரிய விஷயம். ஆனால் மாஸ்க்கை வரிசையில் கடைசியில் வையுங்கள். முதலில் புகை குறைய வேண்டும், அடுத்து எழுந்த புகை யார் மூக்கையும் தொடாமல் வெளியே போக வேண்டும், அதன் பிறகும் மிஞ்சுவதற்குத்தான் மாஸ்க்.

அந்த ஃபேன் புகையை வெளியே அனுப்பவில்லை, ஒருவர் மூச்சிலிருந்து இன்னொருவர் மூச்சுக்கு அனுப்புகிறது. புகையைப் பிறக்கிற இடத்திலேயே இழுக்க வேண்டும். விளக்கை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது, இல்லையா? இழுக்கிற காற்று அவ்வளவு சீக்கிரம் பலம் இழந்துவிடும். ஒரு அடி அகல வாய் உள்ள குழாயிலிருந்து ஒரு அடி தள்ளிப் போனாலே இழுப்பு பத்தில் ஒரு பங்குதான். சுவரில் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டு உலைப்புகை போய்விடும் என்று நம்புகிறவர்களுக்காக இந்தக் கணக்கைச் சொல்கிறேன். மூசைக்கு நேர் மேலே கூடு மாதிரி கட்டினாலும், குனிந்து கசடு எடுப்பவரின் முகத்தைத் தாண்டித்தான் புகை மேலே போகும். உலையின் பக்கவாட்டில், விளிம்பை ஒட்டி, நீளவாக்கில் வாய் வைத்து இழுங்கள். வேலை செய்பவர் முதுகுப் பக்கத்திலிருந்து நல்ல காற்று உள்ளே வரட்டும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூசை விளிம்பில் பிடித்துப் பாருங்கள். புகை முகத்துப் பக்கம் வளைந்தால் குழாயை இன்னும் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகுவதால் உலோகப் புகை பித்தளை அளவுக்கு இருக்காது. உங்கள் பட்டறையில் எனக்குப் பயம் வேறு இரண்டு. ஒன்று, உருகின அலுமினியத்தில் கரைந்திருக்கிற வாயுவை எடுக்கப் போடுகிற டீகேசிங் மாத்திரை. பழைய வகை மாத்திரையில் ஹெக்ஸாகுளோரோஈத்தேன் இருக்கும். உள்ளே முக்கியதும் குளோரினும் அமிலப் புகையும் பொங்கி வரும். என்95 தூளைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. நைட்ரஜன் அல்லது ஆர்கான் விட்டு வாயு எடுக்கிற முறைக்கு மாறிவிடுங்கள். செலவு இருக்கிறது, ஆனாலும் மாறுங்கள். இரண்டாவது, கோக் அல்லது கரி உலையை ஷட்டரை இறக்கிவிட்டு ஓட்டுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. சாதாரண மாஸ்க், மாஸ்க்கில் மாட்டுகிற வடிகட்டி கார்ட்ரிட்ஜ் எதற்கும் அது நிற்காது. மழை பெய்தாலும் ஷட்டர் திறந்தே இருக்கட்டும். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் காரணம் யோசிக்க வேண்டாம், எல்லாரும் வெளியே வாருங்கள்.

சரி, மாஸ்க். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் உலோகப் புகையைத் தடுக்காது. என்95 முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் பலன். தாடி இருந்தால் ஓரத்தில் புகுந்துவிடும். வியர்வையில் நனைந்ததை மறுநாள் மாட்டச் சொல்லாதீர்கள்.

வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கிற பொடி வைத்து ஊதுகிற வேலை. சில பொடி நன்றாக ஓடுகிறது, ஆனால் லேசாகப் பழுப்புப் புகை வருகிறது. அப்புறம் தொண்டை கரகரக்கிறது.
- வாசகர், சேலம் செவ்வாய்ப்பேட்டை

ஐயா, அந்தப் பொடியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நன்றாக ஓடுவதற்காகக் காட்மியம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கேடிஎம் என்று நகைக்கடைகளில் பேர்போனதும் தங்கப் பொடியில் கலந்த இதே காட்மியம்தான். 767 டிகிரியில் கொதிக்கிற உலோகம் அது. உங்கள் தீச்சுடர் அதைவிட ரொம்பவே அதிகச் சூடு. உங்கள் முகமோ வேலைக்கு ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை.

காட்மியத்தை நான் தனியாகப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் துத்தநாகக் காய்ச்சல் மாதிரியேதான் இருக்கும். தொண்டை கரகரப்பு, இருமல், ஜலதோஷம் வருகிற மாதிரி அலுப்பு. படுத்தால் சரியாகிவிடும் என்று படுப்பார்கள். சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு விட முடியாமல் போகும். உயிரே போகலாம். நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். ஊதின அன்றைக்கு நெஞ்சு இறுக்கமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், "காட்மியம் புகை" என்று அந்தப் பெயரையே சொல்லுங்கள்.

காட்மியம் இல்லாத பொடி கடையில் கிடைக்கிறது. கொஞ்சம் கூடச் சூடு கேட்கும், கை பழக ஒரு வாரம் ஆகும். விற்பவரிடம் காட்மியம் இல்லை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை வீட்டிலேயே உருக்கி வார்ப்போம். விறகடுப்பில் பழைய சட்டி வைத்து, பின்கட்டில் செய்கிறோம். புகையே தெரிவதில்லை. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் விளையாடும். பயப்பட வேண்டுமா?
- வாசகி, நாகப்பட்டினம்

பயப்பட வேண்டும் தங்கச்சி. புகை தெரியாததுதான் ஈயத்தின் கெட்ட குணம். 327 டிகிரியில் உருகிவிடும், விறகடுப்புக்கு அது சாதாரணம். சட்டி சிவக்கிற வரைக்கும் எரித்தால் கண்ணுக்குத் தெரியாத புகை எழும். அதைவிட ஆபத்து, மேலே படிகிற சாம்பல் நிறக் கசடு. அதை வழித்து ஓரத்தில் கொட்டுவோம், காய்ந்து மண்ணோடு கலக்கும், பிள்ளை அந்த மண்ணில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வயிற்றுப் பிள்ளைக்காரி அந்தப் பக்கமே வரக்கூடாது.

வார்த்த குண்டாகவே கடையில் வாங்க முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால் வீட்டை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி, உருகின உடனே தீயைக் குறைத்துச் செய்யுங்கள். அந்தச் சட்டியும் கரண்டியும் சமையலறைக்குள் இனி எப்போதும் வரக்கூடாது. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்காதீர்கள், உள்ளே அமிலமும் ஈயத்தூளும்தான். கசடை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். இடத்தைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வார்த்தவர் குளித்து உடை மாற்றின பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

இதுவரை பக்கத்தில் விளையாடின பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடிக்கடி வயிற்று வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, சாப்பாடு வேண்டாம் என்கிற பிள்ளை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.