பூண்டு உரிக்கும் விரலும் ஒரு ஆராய்ச்சிக் கேள்வியும்

மருத்துவப் படிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் ஊர் கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் சீட் கிடைத்து இப்போது எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருஷம் படிக்கிறேன். வீட்டில் மலைப்பூண்டுதான் பிழைப்பு. சீசன் வந்தால் அம்மாவுக்கு விரல் நுனியெல்லாம் வெடித்து எரியும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் பூண்டு முன்னால் உட்காருவார். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தோல் மருத்துவத்தில் ஆர்வம் வந்தது. சீனியர்களோ, "டெர்மா எடுத்தால் நைட் டியூட்டி இல்லை, லேசர் வாங்கி கிளினிக் போடு, ஆராய்ச்சியும் வாத்தியார் வேலையும் எதுக்கு?" என்கிறார்கள். எனக்கு அந்த இரண்டும்தான் பிடித்திருக்கிறது. வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறதும்மா. அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கு எந்தக் கை? இடது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்த மூன்று நுனிகளில் மட்டுமா?

நான் எம்.டி. படித்த காலத்தில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து ஒரு அம்மா ஓ.பி.க்கு வந்தார். வேறு எங்கேயோ படர்தாமரை என்று சொல்லி ஒரு வருஷமாகக் களிம்பு கொடுத்திருந்தார்கள். எங்கள் பேராசிரியர் கையைத் திருப்பிப் பார்த்தார், சீட்டு எழுதவில்லை. தன் பேனா மூடியை அவர் கையில் கொடுத்து, "இதுதான் பூண்டுப் பல், உரிச்சுக் காட்டுங்க" என்றார். அந்த அம்மா இடது கையின் மூன்று விரலால் மூடியைப் பிடித்தார், வலது கை கத்தி பிடிக்கிற மாதிரி தானாக வந்தது. மூடி பட்ட இடத்தில்தான் வெடிப்பு இருந்தது, வலது கையில் ஒன்றுமே இல்லை. நான் தோல் துறையிலேயே, அதுவும் கல்லூரியிலேயே இருந்துவிட்டதற்கு அந்த ஐந்து நிமிஷம் ஒரு பெரிய காரணம்.

பூண்டில் இருக்கும் டைஅல்லைல் டைசல்ஃபைடு என்கிற சின்ன மூலக்கூறு தோலுக்குள் போய் நம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தோலில் காவல் இருக்கும் செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய் டி செல்கள் என்கிற வெள்ளை அணுக்களிடம் காட்டும், டி செல்கள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை பூண்டு பட்டால் உடனே ஒன்றும் ஆகாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பும் வெடிப்பும் வரும், அதனால்தான் பலருக்குப் பூண்டு மேல் சந்தேகமே வருவதில்லை. இதைக் கண்டுபிடிக்கத்தான் பேட்ச் டெஸ்ட். 1895-இல் யாடாசோன் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் தொடங்கி வைத்தது, இன்றும் அடிப்படை அதேதான். சந்தேகப்படும் பொருளைக் கொஞ்சமாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, 96 மணி நேரத்தில் மறுபடி பார்ப்போம். பூண்டுக்கு, அந்த டைஅல்லைல் டைசல்ஃபைடை வாசலினில் 1 சதவீதம் கலந்துதான் ஒட்ட வேண்டும். ஆர்வத்தில் பச்சைப் பூண்டை நசுக்கித் தோலில் வைத்துக் கட்டிவிடாதீர்கள், சுட்ட புண் மாதிரி கொப்பளித்துவிடும்.

சரி, "கையுறை போடும்மா" என்று சொல்லி அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அந்த மூலக்கூறு பெரும்பாலான கையுறைகளை ஊடுருவிப் போய்விடும். அப்படியானால் மேல்மலையில் விதைப்பூண்டு பல் பிரிப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த வெடிப்பு இருக்கிறது? அதில் எத்தனை பேருக்கு உண்மையான ஒவ்வாமை, எத்தனை பேருக்குப் பூண்டுச் சாறின் காரத்தால் வந்த வெறும் எரிச்சல்? வடுகபட்டிச் சந்தையில் பூண்டு தரம் பிரிப்பவர்களுக்கும் இப்படித்தானா? எந்தக் கையுறை உண்மையில் உதவும், அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்ய முடியுமா? இவற்றில் ஒன்றைப் பிடித்தாலே ஒரு எம்.டி. தீசிஸுக்குப் போதும். இந்தக் கேள்விகளைக் கேட்க, பூம்பாறையில் வளர்ந்த ஒரு பெண்ணைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் எஸ்.டி.எஸ். என்கிற குறுகிய கால ஆய்வு உதவித் திட்டம் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்காகவே இருக்கிறது, இரண்டு மாதத்தில் முடிக்கிற மாதிரி ஒரு சின்ன ஆய்வு. உங்கள் கல்லூரித் தோல் துறையில் ஒருவரை வழிகாட்டியாகக் கேளுங்கள். நேராகப் போய், "எங்க ஊர்ல இப்படி இருக்கு, எண்ணிப் பார்க்கணும்" என்று சொன்னால் போதும். பேட்ச் டெஸ்ட் வரைக்கும் போக வேண்டாம், கணக்கெடுப்பும் விரல்களைப் பார்த்துக் குறிப்பதும் முதல் ஆய்வுக்குத் தாராளம். நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு விரலைக்கூடப் போட்டோ எடுக்காதீர்கள். சம்மதப் படிவம் அம்மா படித்தால் புரிகிற தமிழில் இருக்க வேண்டும், சொந்த ஊர்தானே என்று அதில் சலுகை கிடையாது.

அப்புறம் நீட் பி.ஜி., அதாவது எம்.டி.க்கான நுழைவுத் தேர்வு. தோல் துறைக்குப் போட்டி கடுமை, நல்ல ரேங்க் வேண்டும், அதை நான் மறைக்க மாட்டேன். எம்.டி. மூன்று வருஷம். பட்டத்தின் முழுப் பெயரில் தோலோடு பால்வினை நோயும் தொழுநோயும் சேர்ந்திருக்கும், அந்தத் தொழுநோயை யாரும் ஒதுக்காதீர்கள். ஒரே கிருமி ஒருவருக்கு உணர்ச்சியில்லாத ஒற்றைத் தேமலாக நிற்கிறது, இன்னொருவருக்கு முகமெல்லாம் தடித்துப் போகிறது. வித்தியாசம் நோயாளியின் எதிர்ப்புச் சக்தியில் இருக்கிறது. ரிட்லியும் ஜாப்ளிங்கும் 1966-இல் போட்ட வகைப்பாடு அதைத்தான் சொல்கிறது. தோல் நோயெதிர்ப்பியலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நோய் எனக்குத் தெரிந்து இல்லை. அதற்கான பெரிய நிலையங்கள் செங்கல்பட்டு பக்கம் திருமணியிலும், வேலூர் பக்கம் கரிகிரியிலும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. தீசிஸை முடித்தால் போதும் என்று யாரோ எழுதியதைத் திருப்பி எழுதுபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு கேள்விக்காவது நேர்மையாகப் பதில் தேடலாமே. எம்.டி. முடித்து சீனியர் ரெசிடென்டாக இருந்த பிறகு உதவிப் பேராசிரியர் வேலை. வேண்டுமானால் அதோடு பி.எச்.டி.யும் செய்யலாம்.

அம்மாவுக்கு இப்போதைக்கு: ஓ.பி.க்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தாண்டிக்குடியில் எங்களுக்குக் காபித் தோட்டம். நான் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி. எம்.பி.பி.எஸ். படிக்காமல் தோல் நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்கு வர முடியுமா?

பதில்: முடியும். மருத்துவக் கல்லூரித் தோல் துறையில் பேராசிரியராக முடியாது, அதற்கு எம்.டி. வேண்டும். விஞ்ஞானியாக முடியும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குங்கள், 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆனால் 42,000. செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸ் என்கிற தோல் நோய்க்கு, இன்டர்லூக்கின்-17 என்கிற எதிர்ப்புச் சக்திப் புரதத்தைத் தடுக்கும் செக்குகினுமாப் மருந்து 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த இன்டர்லூக்கினைப் புரிந்துகொண்டதில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தவர்களின் பங்கு பெரியது. தோலில் காவல் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல் தெரியும்தானே? பால் லாங்கர்ஹான்ஸ் 1868-இல் தங்கக் குளோரைடு சாயம் போட்டுத் தோலில் அதைப் பார்த்தபோது அவர் 21 வயது மாணவர். நரம்பு செல் என்று நினைத்தார். அது எதிர்ப்புச் சக்தியின் ஆள் என்று தெளிவாக நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த ஊரில் சேர்ந்தாலும் வாரம் ஒரு நாள் பக்கத்து மருத்துவமனைத் தோல் ஓ.பி.யில் அனுமதி வாங்கி உட்காருங்கள். நோயாளியின் தோலைப் பார்க்காமல் செல்லை மட்டும் பார்த்தால் கேள்வி தப்பாகப் போய்விடும்.

கேள்வி: என் மகள் தோல் மருத்துவத்தில் எம்.டி. முடிக்கப் போகிறாள். கல்லூரி வேலைதான் வேண்டும் என்கிறாள். கிளினிக் போட்டால் நாலு காசு பார்க்கலாமே? — ஒரு தந்தை, பண்ணைக்காடு

பதில்: பார்க்கலாம், நிஜம்தான். கல்லூரிச் சம்பளம் அதற்கு ஈடாகாது. ஆனால் தமிழக அரசு மருத்துவர்கள் பணி நேரம் போக வெளியே பிராக்டீஸ் செய்யலாம், அதனால் இது இரண்டில் ஒன்று என்கிற கணக்கு இல்லை. மகளின் தீசிஸ் என்ன என்று ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து கேளுங்கள் ஐயா. அவள் சொல்லச் சொல்ல முகத்தைப் பாருங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள்.