மழை நின்றதும் வெளியே ஓடும் பெண்ணை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

போன வாரம் ஒரு அம்மாவும் அப்பாவும் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளோடு, மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். உட்கார்ந்ததுமே அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. "எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு சொல்றாங்க. இவ மார்க்குக்கு அது தானா கிடைக்காது. பணம் கட்டிச் சேர்க்கணும்னா வீட்டை அடமானம் வைக்கணும். பெரியப்பா பேங்க்ல பேசியே முடிச்சிட்டார்." அப்பா வாய் திறக்கவில்லை, மடியில் இருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயப்படாதீர்கள், இன்னும் நேரம் இருக்கிறது என்று வழக்கம்போலச் சொன்னேன். அப்புறம் பெண்ணிடம், யாரும் சொல்லாமல் நீயாகச் செய்கிற வேலை ஏதாவது உண்டா என்று கேட்டேன். ரொம்பத் தயங்கிச் சொன்னாள். பள்ளிக்குப் பின்னால் ஒரு சரிவான பொட்டல், மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து அதில் ஒரு பள்ளம் உண்டாகியிருக்கிறது. இரண்டு வருடமாக அதன் ஓரத்தில் குச்சிகள் நட்டு, ஒவ்வொரு மழை நின்ற பிறகும் ஓடிப்போய், குச்சி எவ்வளவு வெளியே தெரிகிறது, பள்ளம் எவ்வளவு அகலமாகியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு அது தெரியும், விளையாட்டு என்று நினைத்திருக்கிறார்.

அம்மா, அது விளையாட்டு இல்லை. மண் அரிப்பை ஆராய்கிறவர்கள் உலகம் முழுக்கச் செய்வதும் அதைத்தான், என்ன, குச்சிக்குப் பதில் இரும்புக் கம்பி. யாரும் சொல்லித் தராமல் ஒரு பெண் அந்த முறையைத் தானே கண்டுபிடித்து இரண்டு வருடம் விடாமல் அளந்திருக்கிறாள் என்றால், அவளை எங்கே சேர்ப்பது என்ற கேள்விக்குப் பாதி பதில் அந்த நோட்டிலேயே இருக்கிறது. மீதியை அவர்களிடம் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கவலையோடு பலர் வருகிறார்கள்.

முதலில் கடன். வீட்டை வைத்து வாங்கும் கடனுக்கு நான் சம்மதம் சொல்லவே மாட்டேன். பிள்ளைக்கு வெறியாக ஆசை இருக்கிற படிப்புக்கே அது ஆபத்து. இவளோ அந்தப் படிப்பைக் கேட்கவே இல்லை. விருப்பமில்லாமல் நான்கு வருடம் படித்து, பாடங்களில் தேங்கி, கடைசியில் கடனை அடைப்பதற்காகவே கிடைத்த வேலையில் உட்கார்ந்து மறுகுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெரியப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அடமானம் போவது உங்கள் வீடு, கழியப்போவது இவளுடைய நான்கு வருடம். மருத்துவம், கணினி, கணக்காயர் படிப்புகளைப் பற்றிச் சொல்ல வீட்டைச் சுற்றி நூறு பேர் இருப்பார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வறண்ட நிலங்களில் தண்ணீரையும் மண்ணையும் கணக்கிட்டுக் காப்பாற்றும் துறை. உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் வறள்நிலம், 200 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். மழையே குறைவு, அங்கே மண் எப்படிக் கரையும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். லாங்பீன், ஷம் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்க ஆறுகளின் வண்டலை வைத்து 1958-ல் காட்டியது இதற்கு நேர் எதிரானது: ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் அரைவறட்சிப் பகுதிகளில்தான் வண்டல் மிக அதிகமாக வந்தது. அதைவிட வறண்ட இடத்தில் மண்ணைத் தள்ளத் தண்ணீர் இல்லை, அதைவிட ஈரமான இடத்தில் செடியும் புல்லும் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட நிலத்துக்குப் போர்வையும் இல்லை, அடியோ பலமாக விழுகிறது. பிறகு வந்தவர்கள் எல்லா நாட்டுக்கும் இது பொருந்துமா என்று வாதாடியிருக்கிறார்கள், ஆனால் இந்தக் காரணம் அடிப்படையில் நிற்கிறது.

பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து வெறும் மண்ணில் மோதுகிறது. மண்கட்டி உடைந்து, பொடி போய்த் துவாரங்களை அடைக்க, மேலே ஓடு மாதிரி ஒரு படலம் உண்டாகிறது. அதற்குப் பிறகு பெய்யும் மழை உள்ளே இறங்காது, மேலேயே ஓடி மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். ஒரு ஹெக்டேரில் வெறும் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் அது ஏறக்குறைய 13 டன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கீழே ஏரியிலோ அணையிலோ போய்ச் சேர்ந்து அதன் கொள்ளளவைத் தின்னும்போதுதான் தெரியும். மேட்டில் மண் இழப்பு, பள்ளத்தில் நீர் இழப்பு, இரண்டும் ஒரே கணக்கு என்பதால்தான் இந்தத் துறை இரண்டையும் சேர்த்தே படிக்கிறது.

இந்தக் கணக்கைப் போட மாடல் வேண்டும். மாடல் என்றால் பொம்மை அணை கட்டுவது என்று நினைக்க வேண்டாம். பெய்த மழையில் எவ்வளவு ஆவியாகும், எவ்வளவு உள்ளே இறங்கும், எவ்வளவு ஓடும், ஓடுவது எவ்வளவு மண்ணை எடுத்துப்போகும் என்பதைக் கணக்காக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது. இதில் ஒரு பழைய கணக்கு முறையைச் சொல்கிறேன், பெண் உட்கார்ந்தே போட்டுப் பார்க்கலாம். மண்ணின் தன்மை, மேலே இருக்கும் பயிர் இரண்டையும் சேர்த்து ஒரு நிலத்துக்கு நூற்றுக்குள் ஒரு எண் கொடுப்பார்கள், எண் கூடினால் ஓடும் நீரும் கூடும். ஒரு நாளில் 50 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். எண் 80 என்றால் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் ஓடிவிடும். புல் வளர்த்து, சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் வரப்பு போட்டு நிலத்தைத் தேற்றி அதே எண்ணை 70-க்கு இறக்கினால் ஓடுவது 6 மில்லிமீட்டர்கூட இல்லை. ஹெக்டேருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது 10,000 லிட்டர். அப்படியானால் ஒரே மழையில் ஹெக்டேருக்கு 80,000 லிட்டர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. எந்த மேட்டில் வரப்பு, எந்த ஓடையில் தடுப்பணை, எங்கே ஒன்றுமே செய்யாமல் விடுவது என்று பணம் செலவழிக்கும் முன்னால் சொல்லத் தெரிந்த ஆள்தான் இந்தத் துறைக்கு வேண்டும்.

மண் இழப்புக்கும் இப்படி ஒரு சூத்திரம் உண்டு. மழையின் வேகம், மண்ணின் குணம், சரிவின் நீளமும் செங்குத்தும், மண்ணை மூடியிருக்கும் பயிர், பாதுகாப்பு வேலை, எல்லாவற்றையும் பெருக்கினால் ஆண்டு இழப்பு கிடைக்கும். விஷ்மையர், ஸ்மித் இருவரும் 1965-ல் வெளியிட்டது. அதன் அளவுகோல், 22.1 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சரிவும் கொண்ட ஒரு பாத்தி. வருடக்கணக்கில் பாத்தி பாத்தியாக ஆட்கள் அளந்து வைத்த குறிப்புகளில் இருந்துதான் அந்தச் சூத்திரமே பிறந்தது. உங்கள் மகளின் நோட்டும் அந்த வகைதான்.

இதில் என்னை எப்போதும் ஈர்க்கிற இடம் சீனாவின் லோயஸ் பீடபூமி, காற்று கொண்டுவந்து குவித்த மென்மையான மண் நிறைந்த மேட்டுநிலம். அதன் வழியே ஓடும் மஞ்சள் ஆறு ஒரு காலத்தில் ஆண்டுக்கு 160 கோடி டன் வண்டலைச் சுமந்தது. படிக்கட்டு வயல்கள், தடுப்பணைகள், புல், மரம், பெரிய அணைகள் என்று பல பத்தாண்டு வேலைக்குப் பிறகு அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. இதில் எது எவ்வளவு குறைத்தது? நட்ட மரங்களும் தண்ணீர் குடிக்குமே, அதனால் ஆற்றில் எவ்வளவு நீர் குறைந்தது? இன்னும் மரம் நடலாமா, இத்தோடு நிறுத்த வேண்டுமா? வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத கேள்விகள் இவை, மாடல் போட்டுத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம் புர்கினா ஃபாசோவில் யாகூபா சவாடோகோ என்ற விவசாயி, இறுகிப்போன நிலத்தில் சிறு குழிகள் தோண்டி எரு போட்டு மழையைப் பிடிக்கும் பழைய முறையை மேம்படுத்திக் காட்டியே ஒரு காட்டை வளர்த்தார், 2018-ல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் என்ற சர்வதேச விருது கிடைத்தது. கணினி முன் உட்கார்கிறவர் இந்த மனிதரைப் போன்றவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

செலவுக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் அழுதது அதற்காகத்தான். இந்தத் துறையின் முக்கியக் கருவிகள் இலவசம். நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் கணக்கிடும் ஸ்வாட், வெள்ளக் கணக்குக்கான ஹெக்-ஹெச்எம்எஸ், நிலத்தடி நீருக்கு 1980-களிலேயே வந்த மாட்ஃப்ளோ, நில வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ், எதற்கும் காசு கேட்க மாட்டார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். 2000-ல் விண்கலத்தில் இருந்து எடுத்த நில உயர அளவுகளை 30 மீட்டர் நுணுக்கத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு சாதாரண லேப்டாப் ஆரம்பத்துக்குப் போதும். கோடிங் எங்கே போச்சு என்று பெரியப்பா கேட்பார். பைத்தான் என்ற கணினி மொழி இல்லாமல் இன்று இந்த வேலையே நடக்காது, அதையும் இவள் படிப்பாள். ஒரு வித்தியாசம், எதற்காக எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதுவாள்.

வழி இதுதான். இளநிலையில் வேளாண் பொறியியல், அதில் மண், நீர்ப் பாதுகாப்புப் பாடங்கள் வலுவாக இருக்கும் கல்லூரி. கிடைக்காவிட்டால் சிவில், புவியியல், நிலவியல், எதுவானாலும் சரி, ஆனால் கணிதமும் புள்ளியியலும் கைவிடாத படிப்பாக இருக்க வேண்டும். அரசுக் கல்லூரி போதும், பெயருக்காகப் பணம் கொட்ட வேண்டாம். முதுநிலையில் நீரியல் அல்லது நீர்வள மேலாண்மை. உதவித்தொகையோடு கிடைக்கும் முதுநிலை இடங்களும் உண்டு, இரண்டாம் ஆண்டிலேயே தேட ஆரம்பித்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம். உதவித்தொகை இல்லாமல் வெளிநாட்டு முதுநிலைக்குக் கடன் வாங்குவதாக இருந்தால், அப்போதும் என் பதில் வேண்டாம் என்பதே.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. இளநிலையோடு நிறுத்தினால் நல்ல வேலை கடினம், முதுநிலை கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர் நண்பர்களைவிடக் குறைவாக இருக்கும், சில வருடங்கள் உறவினர் வீட்டு விசேஷங்களில் அந்த ஒப்பீடு உங்கள் காதில் விழத்தான் செய்யும். வெயிலில் நடக்க வேண்டும். வறண்ட பகுதியில் மழைமானிகள் குறைவு, ஆற்றில் வருடத்துக்குச் சில நாள்தான் தண்ணீர் ஓடும், அந்தச் சில நாள் வெள்ளமே வருட அரிப்பில் பெரும்பங்கைச் செய்துவிடும், அன்று கருவி அடித்துக்கொண்டு போயிருந்தால் ஒரு வருடத் தரவு போச்சு. ஈரமான நாட்டில் நன்றாக ஓடிய மாடல் இங்கே வந்து தப்பாகச் சொல்லும், ஓடைப் படுகையே பாதித் தண்ணீரைக் குடித்துவிடுவதைச் சேர்க்க மறந்திருப்பார்கள். இந்த மாதிரித் தோல்விகளைப் பொறுத்துக்கொண்டு மறுபடி அளக்கப் போகிற மனம் வேண்டும். இரண்டு வருடம் குச்சி நட்ட பெண்ணிடம் அது இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன்.

வேலை எங்கே என்று அப்பா முதன்முறையாக வாய் திறந்து கேட்டார். நீர்வளத் துறைகள், நிலத்தடி நீர் அமைப்புகள், அணை, சாலை, ரயில் பாதை வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனங்கள், சுரங்கம் மூடிய நிலத்தைச் சீரமைக்கிறவர்கள், வறட்சிக் காப்பீடு, வளர்ச்சி வங்கிகள், ஆராய்ச்சி நிலையங்கள். எல்லா ஊரிலும் நூற்றுக்கணக்கில் இடம் இருக்காது. ஆனால் களமும் கணினியும் இரண்டும் தெரிந்த ஆட்கள் குறைவு, அதனால் நன்றாகச் செய்கிறவரைத் தேடி வருவார்கள்.

வங்கிக்குப் போவதை இப்போதைக்கு நிறுத்துங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பெண்ணுக்கு மட்டும் ஒரு வேலை கொடுத்தேன். நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவை மழைமானியாக வைத்து, ஒவ்வொரு மழையையும் மில்லிமீட்டரில் எழுதி, அந்தப் பள்ளத்தின் அளவுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். எந்த மழைக்குப் பள்ளம் அதிகம் விரிந்தது, பெரிய மழைக்கா, வேகமான மழைக்கா என்று அவளே ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு வரட்டும். அடுத்த முறை பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த வரைபடத்தை அவருக்கு அவள்தான் விளக்க வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.